பேர் வெட்டின பாத்திரம்

அடியைத் திருப்பிப் பாத்தாத்தான் தெரியுது யாருதுன்னு. மேலுக்குப் பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் மினுக்குது, எவர்சில்வருக்கு என்ன தெரியும் புருசன் பொண்டாட்டி வழக்கு. பரண்ல கெடந்ததை எல்லாம் எறக்கிக் கூடத்துல பரப்பி வச்சிருக்கேன், கால் வைக்க எடமில்ல. இந்தக் குண்டான், திருப்பு, மு. சுகந்தி. நான்தான் அது, எங்கப்பா முனியாண்டி போட்ட சீர், என் பக்கம் வா. இந்தத் தூக்குவாளி, வே. ராஜகுரு, அங்கிட்டுப் போ. இட்லிக் கொப்பரை, வே. ராஜகுரு. ஆத்தாடி, இந்த மனுசன் பொறந்ததுலருந்து ஒரு ஈடு இட்லி ஊத்தி எடுத்திருப்பானா, அவன் பேர்ல இட்லிக் கொப்பரை. போ, நீயும் அங்கிட்டுப் போ. சாயங்காலம் அவனும் அவன் அண்ணனும் திண்டுக்கல்லருந்து வண்டி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போவாங்க, அதுக்குள்ள பிரிச்சு வச்சிரணும். லேப்ல லீவு சொல்லியாச்சு. பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போயாச்சு, சனிக்கிழமைன்னா மத்தியானம் வரைக்கும்தான், வந்துருங்க. வர்றதுக்குள்ள பாத்திரத்தையும் பிரிச்சு, அந்த இன்னொண்ணையும் முடிவு பண்ணி வச்சிரணும், அவங்க வந்து நின்னு 'என்னம்மா சொல்ற'ன்னு கேக்கும்போது வாயில பதில் இருக்கணும். அது கெடக்கட்டும். மொதல்ல பாத்திரம்.

பேரைப் பாத்துப் பிரிச்சுக்கலாம்னு சொன்னது வேற யாருமில்ல, நான்தான். வக்கீலம்மா ஆபீஸ்ல அவனும் அவன் அண்ணன் மூத்தாரும் உக்காந்துக்கிட்டு பீரோ யாருக்கு, கட்டில் யாருக்குன்னு பேசிக்கிட்டே போறாங்க, எனக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சட்டுன்னு சொல்லிட்டேன், பாத்திரத்துல எதுல யாரு பேர் வெட்டியிருக்கோ அது அவங்களுக்குன்னு. நான் லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறவ. ஊசியை உருவின கையோட டியூப்ல பேர் ஒட்டணும், பேர் இல்லாத டியூப்புல இருக்கிறது யாரோட ரத்தமும் இல்ல, கொட்டிற வேண்டியதுதான். அந்தப் பழக்கம் வாயில வந்திருச்சு. மூத்தார் தனபாலன் இருக்காரே, அவரு சிரிச்சாரு. 'சரியாச் சொன்னம்மா, நாயமான பேச்சு'ன்னாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு இப்பத்தான் வெளங்குது. கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட சீர்ல மட்டும்தான் என் பேரு. அதுக்கப்புறம் இத்தனை வருசமா தீவாளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு, பாத்திரச்சீட்டு முடிஞ்சா ஒண்ணுன்னு என் சம்பளத்துல நான் வாங்கினது அம்புட்டுலயும் அவன் பேரு. கடைக்காரர் அந்த வெட்டுற மிசினைக் கையில புடிச்சுக்கிட்டு 'யாரு பேரும்மா'ன்னு கேப்பாரு. 'வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க'ன்னு அவரே சேத்துக்குவாரு. நானும் பெருமையாச் சொல்லுவேன், வே. ராஜகுரு, நல்லா அழுத்தி வெட்டுங்கண்ணே, தேய்க்கத் தேய்க்க அழிஞ்சு போகுது. என் வாயால சொல்லி, என் காசைக் குடுத்து, என் கண்ணு முன்னால வெட்டினது. எந்தப் பொம்பளை கடையில நின்னு தன் பேரைச் சொல்லுவா, சொன்னாத்தான் ஏற இறங்கப் பாப்பாங்களே. இப்ப அவன் பக்கம் குமிஞ்சு கெடக்கு, என் பக்கம் நாலு குண்டானும் ரெண்டு தாம்பாளமும். போனாப் போகுது. பாத்திரம்தானே, சட்டியில கூட ஆக்கித் திங்கலாம்.

வெசயம் பாத்திரம் இல்ல. வெசயம் வேற. வியாழக்கிழமை வக்கீலம்மா என்னை மட்டும் கூப்பிட்டு, அவங்க பக்கத்துப் பேச்சை எடுத்துச் சொன்னாங்க. 'சுகந்தி, நல்லாக் கேட்டுக்கோங்க. வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அவர் தன் பாதியை உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேங்கிறாரு. முழு வீடும் உங்களுக்கு. பதிலுக்குப் பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு. யாரும் யாருக்கும் மாசப் பணம் தர வேண்டாம், கேக்கவும் வேண்டாம். ஒத்துக்கலைன்னா கேஸு. வீட்டை வித்துப் பாதி பாதி. பிள்ளைங்களுக்கு அவர் என்ன தரணும்னு கோர்ட்டு சொல்லணும், அது வருசக்கணக்கா இழுக்கும்.' பைலை மூடிக்கிட்டே, 'எந்தப் பிள்ளை யார்கிட்டன்னு நீங்களே சொல்லிக்கலாமாம்'னாங்க. அந்தம்மா சொல்லி வாயை மூடல, எனக்கு லோகித் மூஞ்சி வந்து நின்னுச்சு. ஏழு வயசு, முன்பல்லு ரெண்டும் விழுந்த மூஞ்சி. இவன் எங்கிட்ட, அப்படின்னு. யோசிச்சு வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. யோசிக்கவே இல்ல, தும்மல் வர்ற மாதிரி வந்திருச்சு. யாமினி வரல. மூத்தவ, என் வயித்தைக் கிழிச்சு வெளிய எடுத்த பிள்ளை, பதிமூணு வயசாகுது, அவ மூஞ்சி வரவே இல்ல. வக்கீலம்மா என்னையே பாத்துட்டு, தண்ணி வேணுமான்னாங்க. வாங்கிக் குடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. வெளிய சொல்ற மாதிரியா இருக்கு அது.

அன்னைலருந்து என்னமோ புடிச்சு ஆட்டுது. இந்தா, இப்பக்கூட உள்ரூம்ல நாற்காலி நகருற சத்தம் கேக்குது. அவ நாற்காலிதான். படிக்க உக்காரும்போது தூக்கிப் போட மாட்டா, தரையில தேச்சு இழுப்பா, அந்தக் கிரீச்சுச் சத்தத்துக்கு எத்தனை தடவை வஞ்சிருக்கேன். அவதான் பள்ளிக்கூடத்துல இருக்காளே. எட்டிப் பாக்குறேன், நாற்காலி சுவத்தோட ஒட்டி நிக்குது, முதுகுல அவ துண்டு. மேல்வீட்டுச் சத்தமாத்தான் இருக்கும். மேல்வீடு ஏதுடி கூறுகெட்டவளே, மேல மொட்டைமாடில்ல. எந்திரிச்சுப் போயி அந்த நாற்காலியைத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். துண்டு காஞ்சு வெறைச்சுக் கெடந்துச்சு, காலையில குளிச்சவ இதுல தொடைக்கல போல, ஈரத்தலையோடயே போயிட்டாளா, யாரு பாத்தா. நேத்து லேப்லயும் இதே கூத்து. ஒரு பிள்ளைக்குக் கையில ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டிக்கிட்டிருக்கேன், ரெட்டைச் சடை, பள்ளிக்கூட உடுப்பு, நிமிந்தா யாமினி. இல்ல, வேற யாரோ, அவங்கம்மா பக்கத்துல நின்னு தோளைத் தடவிக்கிட்டு இருக்கு. ஊசி நரம்பு தப்பி, ரெண்டாவது தடவை குத்த வேண்டியதாப் போச்சு, அந்தப் பிள்ளை என்னை மொறைச்சுச்சு. பஸ்ல முன்சீட்டுல தெரியுற பின்னந்தலை எல்லாம் யாமினி. நல்லாத் தின்னு தூங்கி எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்குற பிள்ளையை நானே ஆவியாக்கி அலைய விட்டுட்டேன். அதைவிடப் பயம் இன்னொண்ணு இருக்கு. அவ எதிர்க்க இல்லாதப்ப அவ மூஞ்சியை நெனச்சுப் பாத்தா சேந்து வர மாட்டேங்குது. காதுல தோடு வருது. உதட்டுக்கு மேல மச்சம் வருது. சடையில ஒரு பக்கம் ரிப்பன் அவுந்து தொங்குறது வருது. மூஞ்சியா வரல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, யாமினி யாமினின்னு சொல்லிப் பாக்குறேன். சொம்பு கையிலருந்து நழுவி உருண்டு போகுது. அதுல யாரு பேர்னு பாக்கல இன்னும். வே. ராஜகுரு. அங்கிட்டுப் போ.

அவன் கெட்டவன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பேச்சை நிறுத்திட்டான், அம்புட்டுத்தான். எங்கம்மா செத்ததுக்கு வந்து நின்னவன் என் தம்பிகூட என்னமோ தகராறு, அன்னைக்கு நிறுத்தினவன். மொதல்ல ஒரு வாரம்னு நெனச்சேன். நானும் வீம்புக்காரிதான், நீ பேசலைன்னா எனக்கென்ன போடான்னு இருந்தேன். ரெண்டு வருசம் ஓடிப்போச்சு, கடைசி ஆறு மாசமாத்தான் அவன் திண்டுக்கல்ல அண்ணன் வீட்டுல இருக்கான். அதுக்கு முன்னால ஒரே வீட்டுக்குள்ள, அவன் கூடத்துல, நான் அடுப்படியில, நடுவுல ஒரு கதவுகூட இல்ல. 'யாமினி, உங்கம்மாகிட்டச் சொல்லு, சட்டை இஸ்திரி போடலைன்னு.' அவ படிச்சுக்கிட்டு இருக்கிற புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டு எந்திரிச்சு வருவா. 'அம்மா, சட்டை இஸ்திரி போடலையாம்மா.' 'உங்கப்பாவுக்குக் கை இல்லையான்னு கேளு.' அவ போவா. 'அப்பா, அம்மா இந்தா போட்டுத் தர்றாங்களாம்.' அடுப்படியில நின்னு பல்லைக் கடிப்பேன், நான் அப்படியாடி சொன்னேன்னு. அப்புறம் போட்டும் குடுப்பேன். அவன் வஞ்சதை எங்கிட்ட எப்படி மாத்திச் சொன்னாளோ, நான் வஞ்சதை அவன்கிட்ட எப்படி மாத்திச் சொன்னாளோ. இந்தக் குடும்பம் ரெண்டு வருசம் நடந்துச்சுன்னா அவ வாயிலதான் நடந்துச்சு. ஒரு நாள் அழுதிருப்பாளா. ஒரு தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பாளா. எறிஞ்சிருந்தா எனக்கு ஒறைச்சிருக்கும். லோகித் எறிவான், லோகித் அழுவான், மூச்சு இழுத்து வீட்டையே கூட்டிருவான், எல்லாரும் அவன் பின்னாடி ஓடுவோம். யாமினிக்கு என்ன, அவ சமாளிச்சுக்குவா. வீட்டுக்கு வர்றவங்க சொல்ற சொல்லு அது. நானும் சொல்றதுதான். மூணு நாளா உள்ளுக்குள்ள அதைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்.

சொல்லிப் பாத்தா ஒண்ணும் தப்பாத் தெரியல. வீசிங் உள்ள பிள்ளையை அவன்கிட்ட விட முடியுமா, ராத்திரி மூச்சு இழுத்தா அந்தப் பம்ப்பை எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது அவனுக்கு. யாமினிக்கு அப்படி ஒண்ணுமில்ல. பெரியப்பா வீடுதானே, வேத்து வீடா. திண்டுக்கல் என்ன அமெரிக்காவா, காலையில பஸ் ஏறினா பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போயிறலாம். வாராவாரம் பாக்கலாம். படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும். இந்த வீடு எனக்குன்னு ஆயிருச்சுன்னா நாளைக்கு அவளுக்குத்தானே வரப்போகுது. பாத்தியா, எம்புட்டு அழகாக் கோத்து வச்சிருக்கேன். வீட்டை வித்துட்டு நான் வாடகைக்கு வீடு தேடிப் போனா கதவைத் தொறக்கிறவங்க மொதல்ல கேக்குறது 'வீட்டுக்காரர் என்ன பண்றாரு'. இல்லைன்னா, ஓகோன்னு ஒரு இழுப்பு. இந்தத் தரையில கெடக்குற கல்லு ஒவ்வொண்ணும் நான் கடை கடையா ஏறிப் பாத்துப் பொறுக்கினது. அந்த சன்னல் வழியா வர்ற காத்துக்குக் காசு குடுத்திருக்கேன் நான். அப்புறம் நெனைக்கிறேன், அவ வயசுக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல. திண்டுக்கல்ல வயித்து வலின்னா யார்கிட்டச் சொல்லுவா. பெரியம்மாகிட்டச் சொல்லுவாளா. சொல்ல மாட்டா. யார்கிட்டயும் சொல்லாமச் சுருண்டு படுத்துக்குவா. சமாளிச்சுக்குவா. ச்சீ, இந்தச் சொல்லுக்கு ஒரு சாவு வரமாட்டேங்குதே.

போன் அடிக்குது. வக்கீலம்மா. 'என்ன சுகந்தி, முடிவு பண்ணிட்டீங்களா? திங்கக்கிழமை எழுதிடலாமா?' 'சாயங்காலம் சொல்றேன் மேடம்.' 'பொண்ணுக்குப் பதிமூணு வயசு, அதனால ஜட்ஜ் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்பாரு, யார்கூட இருக்க இஷ்டம்னு. முன்னாடியே அவகிட்டப் பேசி வச்சிருங்க.' சரிங்க மேடம்னு வச்சுட்டேன். பேசி வச்சிரணுமாம். நான் பேசுனா அவ கேப்பா, அதான் எனக்குப் பயமே. 'அம்மாவுக்காக இதை மட்டும் செய்யிடி'ன்னு ஒரு சொல்லு போதும், ஜட்ஜ் முன்னால போயி நின்னு, எனக்கு அப்பாகூட இருக்கத்தான் இஷ்டம் சார்னு பிசிறில்லாமச் சொல்லுவா. நாங்க பேச வேண்டியதை எல்லாம் பேசிப் பழகின வாயி அது. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. என்னைத்தவிர யாருக்கும் தெரியாது.

பெரிசு எல்லாம் முடிஞ்சு, சில்லறைச் சாமான் கெடந்த சாக்குப்பைக்கு வந்தேன். டம்ளர், கிண்ணம், டிபன் பாக்ஸ். திருப்பினா ரா. யாமினி. காதுகுத்துக்கு என் தம்பி வாங்கினது. இன்னொண்ணு, ரா. லோகித். ரா. யாமினி. ரா. லோகித். வேற பேர் கலக்கவே இல்ல அந்தப் பையில. எல்லாத்துலயும் மொதல் எழுத்து அவனோடது. பேரைப் பாத்துப் பிரின்னா இதெல்லாம் எங்கிட்டுப் போகும். கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் ரெண்டு குமிக்கும் நடுவுல வச்சேன், தனியா, ஒரு சின்னக் குமியா. மணி என்ன ஆச்சுன்னு பாக்கல, படியில லோகித் கத்திக்கிட்டே ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு.

வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டாம பாத்திரத்து மேல ஏறப்போனான். 'ஐ, கடை வச்சிருக்கோமா?' யாமினி அவன் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்து நிறுத்தினா. வாசல்ல நின்னுக்கிட்டே மூணு குமியையும் பாத்தா. அங்கிட்டு இருக்கிறது யாருது, இங்கிட்டு இருக்கிறது யாருதுன்னு கேக்கல. நடுவுல இருக்கிறதைக் காட்டி, 'இது யாருக்கும்மா?'ன்னா. நான் ஒரு தூக்குவாளியைத் தொடைச்சுக்கிட்டே, 'அது உங்க சாமான். நீங்க எங்கிட்டோ அதுவும் அங்கிட்டு'ன்னேன். சொன்ன பெறகுதான் என்ன சொன்னேன்னு ஒறைச்சுச்சு. நிமிந்து பாக்கத் தைரியமில்ல. அவ சரிம்மான்னுட்டு உள்ள போயி உடுப்பு மாத்தினா, லோகித்துக்கு ரசஞ்சாதம் பெசஞ்சு போட்டா. நான் திங்கல. அடுப்படியில போயி தேச்ச பாத்திரத்தையே திரும்பத் தேச்சுக்கிட்டு நின்னேன். கூடத்துல சாமான் நகருற சத்தம் கேட்டுச்சு, மெல்ல, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு எடுத்து வைக்கிற சத்தம். மறுபடி அந்தப் பிரமைதான்னு நெனச்சேன். வந்து பாத்தா நடுக்குமி இல்ல. லோகித் பேர் போட்டது எல்லாம் என் குண்டானுக்குள்ள இருக்கு. யாமினி பேர் போட்டது எல்லாம் அவங்கப்பா பக்கத்துல, கிண்ணத்துக்குள்ள கிண்ணமா, டம்ளருக்குள்ள டம்ளரா அடுக்கி வச்சிருக்கு. அவ குத்தவச்சு உக்காந்து, கடைசியா டிபன் பாக்ஸை மூடிக்கிட்டு இருக்கா.

'ஏண்டி அங்கிட்டு வச்ச?' 'அப்பாவுக்கு லோகியைப் பாத்துக்கத் தெரியாதும்மா. மூச்சு இழுத்தா பயந்துருவாங்க. எனக்குத்தான் ஒண்ணும் வராதுல்ல.' மூணு நாளா நான் கோத்து கோத்து வச்சது, அதை அப்படியே எடுத்து என் கையில குடுக்குறா. 'உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?' 'யாரும் சொல்லல.' 'பெறகு?' அவ டிபன் பாக்ஸ் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தா. 'நீ வியாழக்கிழமை வக்கீல் ஆன்ட்டி ஆபீஸுக்குப் போயிட்டு வந்ததுலருந்து என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கிறம்மா. சாப்பாடு போடும்போதுகூட தட்டைத்தான் பாக்குற. அதான் தெரிஞ்சிருச்சு.' அவ மூஞ்சி மனசுக்குள்ள வரலை வரலைன்னு நான் தவிச்சேனே, கண்ணு ஏறெடுத்துப் பாத்தாத்தானே உள்ள வரும். இப்பப் பாத்தேன். மெலிஞ்சிருக்கா. கண்ணுக்குக் கீழ கருவளையம் கட்டியிருக்கு. இது எப்ப வந்துச்சு. எத்தனை நாளா இந்தப் பிள்ளை தூங்கல. என்னமாச்சும் சொல்லுடி சுகந்தி, வாயைத் தொற, அதெல்லாம் இல்லடா தங்கம்னு சொல்லு. சொல்லல நான். இந்த வீட்டுச் சன்னல்தான் அவ தலைக்குப் பின்னால தெரியுது. அவ எந்திரிச்சு லோகித் வாயைத் தொடைச்சு விடப் போயிட்டா.

வண்டி வந்து நின்னுச்சு. மொதல்ல மூத்தார், பின்னாடி இவன். மூத்தார் குமியைப் பாத்துட்டு, 'பரவாயில்லையேம்மா, சுத்தமாப் பிரிச்சு வச்சிருக்க'ன்னாரு. 'உக்காருங்க மச்சான்'னேன். உக்காரல. இவன் வாசப்படிக்கிட்டயே நிக்கிறான், ஆறு மாசத்துல முடி நரைச்சிருக்கு, சட்டை கசங்கியிருக்கு, எனக்கு ஒரு நிமிசம் பாவமாக்கூட இருந்துச்சு, வெக்கங்கெட்ட மனசு. லோகித் ஓடிப் போயி அவன் காலைக் கட்டிக்கிட்டான். மூத்தார் கனைச்சுக்கிட்டு, 'அந்தப் பேச்சு என்னம்மா ஆச்சு'ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள இவன் வாயைத் தொறந்தான். என்னைப் பாக்கல. 'யாமினி, உங்கம்மாகிட்டக் கேளு, எந்தப் பிள்ளையை அனுப்புறான்னு.'

அவ என் பக்கம் திரும்புறா. பழக்கம், கூப்பிட்டா எந்திரிக்கிற பழக்கம். வாயைத் தொறக்குறா. 'அம்மா, அப்பா கேக்குறாங்க, எந்தப் பிள்ளைய'ன்னு வந்தவ அந்த எடத்துல நின்னுட்டா. எந்தச் சொல்லை எந்தச் சொல்லா மாத்திச் சொல்றதுன்னு தெரியல அவளுக்கு. மாத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல அதுல. எங்கிருந்து வந்துச்சோ எனக்கு அப்படி ஒரு கோவம், அவன் மேலயா என் மேலயா, கையில இருந்த தாம்பாளத்தைத் தரையில போட்டேன், தெருவுக்கே கேட்டிருக்கும். 'அவகிட்ட ஏன் கேக்குறீங்க? நான் இங்க நிக்கிறேன்ல. எங்கிட்டக் கேளுங்க. என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க.' ரெண்டு வருசத்துல நான் அவன்கிட்ட நேராப் பேசின மொதப் பேச்சு. அவன் நிமிந்தான். ஆனா கேக்கல. நானே சொன்னேன், 'ரெண்டு பிள்ளையும் எங்கிட்டத்தான். வீட்டை வித்துக்கலாம், உங்க பாதியை நீங்க எடுத்துக்கங்க. பிள்ளைகளுக்கு நீங்க தர வேண்டியதைக் கோர்ட்டு சொல்லட்டும்.' மூத்தார் பதறிட்டாரு. 'யோசிச்சுப் பேசும்மா, முழு வீடு, தங்கமான வீடு, ஆத்திரத்துல உதறிராத.' 'யோசிச்சது போதும் மச்சான். மூணு நாளா யோசிச்சு யோசிச்சு நாறிப் போயிருக்கேன்.' அப்பத்தான் இவன் மூஞ்சியைப் பாத்தேன். கோவம் இல்ல. ஒரு பெருமூச்சு விட்டான், தலையில இருந்ததை எறக்கி வச்ச மாதிரி. பாவி, எந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு இவன் வரவே இல்ல. மாசப் பணம் குடுக்காம இருக்கப் போட்ட கணக்கு. அதை யாமினியும் பாத்துட்டா. அவ பாக்குறதை நான் பாத்தேன்.

ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இட்லிக் கொப்பரை, தூக்குவாளி, எல்லாம். அவ பேர் போட்டதை மட்டும் நான் எடுத்து என் பக்கம் வச்சேன், யாரும் தடுக்கல. கூடம் வெறிச்சுனு கெடக்கு. லோகித் வெறுந்தரையில சறுக்கி வெளையாடுறான். எனக்கு என்னமோ செயிச்சுட்ட மாதிரி ஒரு நெனப்பு, வீடு போனாப் போகுது, பிள்ளைக ரெண்டும் இந்தா இருக்கு, சொல்லிட்டேன்ல, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்ல. அவளைப் பாத்துச் சிரிச்சேன். அவ சிரிக்கல. வெளக்கமாத்தை எடுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தவ, கூட்டுறதை நிறுத்திட்டு நின்னா. 'அம்மா.' 'என்னடா?' 'அப்பா எங்கிட்டக் கேக்காம, நேரா உங்கிட்டயே கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?'

இதையேதாண்டி சொல்லியிருப்பேன்னு சொல்றதுக்கு வாயைத் தொறந்துட்டேன். எம்புட்டு ஈசி அது. சொன்னா சரிம்மான்னுட்டுக் கூட்டப் போயிருவா. ராத்திரி தோசை ஊத்துவா, லோகித்துக்குப் போர்வை போத்தி விடுவா, பக்கத்துல படுத்துக்கிட்டு முழிச்சுக்கெடப்பா, நாளைக்கு, அடுத்த வருசம், கல்யாணமாகிப் போனப்புறமும், அன்னைக்கு அம்மா பொய் சொன்னான்னு தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சரிம்மா சரிம்மான்னு சொல்லுவா. அவ கண்ணு என் மேலயே இருக்கு. நான் வேற எங்கிட்டும் திரும்பக் கூடாது, அவளைப் பாத்துச் சொல்லணும்.

'உன்னை அனுப்பியிருப்பேண்டி'ன்னேன்.

ஒண்ணுமே நடக்காதுன்னு நெனச்சேன் ஒரு கணம். வெளக்கமாறு பறந்து வந்து சுவத்துல விழுந்துச்சு. 'ஏன்? ஏம்மா? நான் உன்னை என்ன செஞ்சேன்? நான் என்னம்மா செஞ்சேன்?' அந்தக் கொரலை நான் கேட்டதே இல்ல, பதிமூணு வருசத்துல ஒரு தடவைகூட. ஓடி வந்து என் நெஞ்சுல அடிக்கிறா, ரெண்டு கையாலயும், தோள்ல, கழுத்துல, எங்க விழுகுதுன்னு பாக்காம. மூக்கு ஒழுகுது, வாய் கோணுது, மூஞ்சி செவந்து வீங்கி என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. லோகித் மூலையில நின்னு பயந்து அழுகுறான். எதிர்வீட்டுக்காரம்மா சன்னலைத் தொறந்து எட்டிப் பாக்குது. பாக்கட்டும். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கல, தடுக்கவும் இல்ல, அவ முதுகை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன், அடி வாங்குறதுக்குத் தோதா. 'கத்துடி, இன்னும் கத்து'ன்னேன். கத்துறா.